மேல்தட்டுக்கு ஒரு காய்ச்சல் அட்டை

நைற் டியூட்டி முடிந்து
காலை எட்டரைக்கு நான் படுக்கிற அறைக்கு மேலே
நாலரை அங்குலக் கொங்கிறீற்.
அதற்கு மேலே கொக்குவில் வெயில்.
நடுவில் வேறொன்றும் இல்லை.

ஒரு பின்னேரம் ஏணி வைத்து ஏறி
காய்ச்சல் பார்க்கிற தேமாமீற்றரை
முகட்டில் ஒட்டிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டில் நின்றுவிட்டது.
மனிதருக்கு அதற்கு மேல் தேவைப்படாதென்று
செய்தவன் நினைத்திருக்கிறான்.

சோளகம் தொடங்க இன்னும் இரண்டு மாதம்.

ஸ்ரான்லி வீதிக் கடைக்காரர்
ஒவ்வொன்றாய் மேசையில் போட்டார்.
மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சு,
தொட்ட விரல் இரவுவரை கடித்தது.
தும்புப் பலகை,
"நல்ல சாமான், கறையானுக்கும் நல்லது."
வெள்ளித்தாள் ஒட்டின நுரைப்பாய்,
சுருட்டி மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம்.
எல்லாவற்றுக்கும் ஒரு எண் சொன்னார்,
எண் பெரிதானால் நல்லதாம்.
சீனி வருத்தக்காரரின் ரிப்போட்டுகளைப்
பதினொரு வருஷமாய் வாசிக்கிற எனக்கு
அதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

வார்டில் ஆறாம் கட்டில், மரியசீலன், பாசையூர்.
ஐஸ் பாளம் விழுந்து நசிந்த கால்.
வலியை மறக்கட்டும் என்று
மருந்து கட்டியபடியே
என் வீட்டு முகட்டைப் பற்றிச் சொன்னேன்.
"மீன்பெட்டியைப் பாருங்கோ மிஸ்ஸி.
வெறும் றெஜிபோம்தான்.
ஆனா மூடி இறுகேல்லையெண்டால்
எந்தச் சாமானும் சும்மா.
காத்துப் போற ஓட்டையாலதான் ஐஸ் சாகும்."

லீவு நாளில்
நாலு சப்பாத்துப் பெட்டி, நாலிலும் ஒரே அளவு ஐஸ்.
பத்தரைக்கு மேல்தட்டில் வைத்தேன்.
வெறும் பெட்டி முக்கால் மணியில் தண்ணீர்.
தும்பு இன்னும் கொஞ்சம் பொறுத்தது.
வெள்ளித்தாள் மத்தியானம் தாண்டியது.
றெஜிபோம் பெட்டியை
சுகிர்தன் திறந்து திறந்து பார்த்ததில்
அதன் முடிவு செல்லாது.

வெள்ளித்தாள் போதும் என்றேன்.
என் உறக்கம் இரண்டு மணியோடு முடிந்துவிடும்,
அதுவரைக்கும் தாங்கும்.

ஆனாலும் பழக்கதோஷம்.
நோயாளிக்கு வைப்பதுபோல
அறைச் சுவரில் ஓர் அட்டை தொங்கவிட்டேன்,
புதுத் தேமாமீற்றரோடு.
பகல் கட்டங்கள் எனக்கு, இரவுக் கட்டங்கள் அவனுக்கு.

எட்டரை: முப்பத்தொன்று.
பன்னிரண்டு: முப்பத்தைந்து.
ஐந்தரை, நான் யூனிபோம் போடுகிற நேரம்: நாற்பத்து மூன்று.
பிறகு அவன் கையெழுத்து.
பத்து: நாற்பது.
பன்னிரண்டு: முப்பத்தெட்டு.
இரண்டு: முப்பத்தாறு,
பக்கத்தில் சின்னதாக,
வெளியே போய்ப் படுத்துவிட்டேன்.

ஆறு வருஷமாய் ஒரே கட்டில்.
வெயில் ஊறுகிற நேரத்தில் நான்,
அது வடிகிற நேரத்தில் அவன்.
பகல் முழுக்கக் குடித்ததைக் கொங்கிறீற்
இரவில் அவன்மேல் சத்தியெடுத்திருக்கிறது.
நான் வீட்டில் நிற்கிற இரவுகளில்
ஃபானை என் பக்கம் திருப்பிவிடுவான்.
அதை அன்பென்று மட்டுமே நினைத்திருந்தேன்.
எத்தனை பாகை என்று கேட்டதில்லை.

தவேந்திரன் மேசனிடம் சொன்னேன்:
கீழே வேண்டாம், மேலே.
வெயில் தட்டைத் தொட முன்னமே மறிக்க வேண்டும்.
இரண்டங்குல றெஜிபோம், அதன்மேல் கம்பிவலை,
சீமெந்து, உடைந்த வெள்ளை ரைல் துண்டுகள்.
மூட்டுக்கு மூட்டு நாடா ஒட்டச் சொன்னபோது
"மீன்பெட்டியோ தங்கச்சி கட்டுறம்?" என்றார்.
ஓம் என்றேன்.

கேற் அடுத்த வருஷம்.
அதுவரை தகரம் நிற்கட்டும்.

ஆறாம் கட்டிலில் இப்போது வேறொருவர்.
நேற்று இரவு இரண்டு மணிக்கு
ஊசிமருந்து ஏற்றிக்கொண்டு நிற்கையில்
அட்டை நினைவுக்கு வந்தது.
விடியப் போய்ப் பார்த்தேன்.
பத்து: முப்பத்தொன்று.
பன்னிரண்டு: முப்பது.
இரண்டு மணிக் கட்டத்தில்
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.